மூவாயிரத்து இருநூற்றுப் பத்து

அத்தியாயம் 17

"அறிவித்தல்.

யாழ். சண்டிலிப்பாயைப் பூர்வீகமாகவும், கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட திரு. நவரத்தினம் (ஓய்வுபெற்ற பிரதி ஆணையாளர்) அவர்களின் அருமை மருமகளும், கிஷாந்தின் அன்பு மனைவியும், கொட்டாஞ்சேனை வெங்கடேஸ்வரன் - கோமளவல்லி தம்பதியரின் பாசமிகு மகளுமாகிய திருமதி ரக்ஷிதா கிஷாந்த் அவர்களின் புரோலக்ரின் அளவு, நேற்று வியாழக்கிழமை கிடைத்த அறிக்கையின்படி மூவாயிரத்து இருநூற்றுப் பத்தை எட்டியுள்ளது என்பதை ஆழ்ந்த கவலையுடன் அறியத் தருகின்றோம். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்."

வெள்ளிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு இந்த அறிவித்தல் 'நவரத்தின மாலை' என்ற வட்ஸ்அப் குழுவில் வெளியானது. குழுவில் நாற்பத்து மூன்று பேர். குழுவைத் தொடங்கியவரும் நவரத்தினம், அதற்குப் பெயர் வைத்தவரும் நவரத்தினம். பெயர் வைக்கும்போது வேறு யாருடைய பெயரும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அறிவித்தலுடன் ஒரு படமும் இருந்தது. கலியாணப் படத்திலிருந்து மாப்பிள்ளையை வெட்டி எறிந்துவிட்டு மணமகளை மட்டும் தனியாக எடுத்த படம்.

நவரத்தினத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற பதினொரு வருடங்களில் அவர் கைவந்த ஒரே இலக்கியம் மரண அறிவித்தல். வெள்ளவத்தையில் யார் கண்ணை மூடினாலும் வீட்டார் முதலில் தேடுவது அவரைத்தான். சவப்பெட்டிக்காரனைத் தேடுவது பிறகு. யார் யாருக்கு அன்பு மைத்துனர், யார் யாருக்கு ஆசைப் பெரியப்பா என்று வரிசை பிசகாமல் எழுத அவரை விட்டால் ஆளில்லை. அதனால் அவருக்குக் கை வேறு விதமாக ஓடாது. அடுக்குமாடியின் தண்ணீர் மோட்டர் பழுதானபோதும் "எம்மை மீளாத் துயரில் ஆழ்த்தி" என்றுதான் லிஃப்ட் கதவில் எழுதி ஒட்டினார்.

வெளிநாட்டில் இருப்பவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. 'பூர்வீகமாகவும், வதிவிடமாகவும்' என்று தொடங்கினால் அவர்கள் மிச்சத்தை வாசிப்பதில்லை. கனடாவில் ஸ்காபரோவிலிருந்து முதல் அனுதாபம் நாற்பத்தொரு விநாடியில் வந்தது.

"ஆழ்ந்த அனுதாபங்கள்."

"ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கின்றோம்."

"இவ்வளவு சின்ன வயசில! நம்ப முடியேல்லை. என்ன வருத்தம்?"

சிட்னி அத்தை எழுத்தோடு நிற்பவர் அல்லர். கலியாணத்தில் வாங்கி வைத்திருந்த இலக்கத்தைத் தேடியெடுத்து, கொட்டாஞ்சேனையில் ரக்ஷிதாவின் தாய் கோமளவல்லிக்கே அழைப்பு எடுத்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டார்:

"எப்ப எடுக்கினம்?"

*

ரக்ஷிதாவின் விஷயம் முன்னைய அத்தியாயங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்கள் இந்த நாலு பந்தியைப் பொறுத்துக்கொள்ளவும்.

மூளைக்கு அடியில் பட்டாணியளவு ஒரு சுரப்பி. அதில் ஆறு மில்லிமீற்றருக்கு ஒரு கட்டி. கட்டி என்ற சொல்லுக்கு இருக்கும் பயங்கரம் அந்தக் கட்டிக்கு இல்லை. அது ஆளைக் கொல்வதில்லை. பால் சுரக்கச் சொல்லும் புரோலக்ரின் என்ற ஹோர்மோனை அளவு மீறிக் கொட்டும், அவ்வளவுதான். உடம்பு அந்தப் பொய்யை நம்பிவிடும். பிள்ளை பிறந்தாயிற்று, இனி அடுத்ததற்கு அவசரமில்லை என்று மாதவிடாயை நிறுத்திவிடும். பிள்ளை வேண்டுமென்று தவமிருப்பவளின் உடம்பு, பிள்ளை கிடைத்துவிட்டதென்று ஓய்வெடுக்கும்.

மருந்து, ஏழு நாள் கிழமைக்கு இரண்டு தரம் அரைக் குளிசை. எண் இறங்கியது. போன வருடம் கரு தங்கியது. ஆறாவது கிழமையில் மாமனார் 'மகிழ்ச்சி அறிவித்தல்' விட்டார்; ஏழாவது கிழமையில் கலைந்தது. உடனே 'வருத்த அறிவித்தல்'. இரண்டுக்கும் ஒரே படம். வந்து குவிந்த ஆறுதல்களுக்கு ஒவ்வொன்றாக நன்றி எழுதியவள், இரத்தம் போய்க்கொண்டிருந்த ரக்ஷிதா.

இப்போது மறுபடியும் ஒன்பது கிழமை. கணவனுக்கும் டொக்டருக்கும் மட்டுமே தெரியும். பன்னிரண்டாவது கிழமை ஸ்கான் முடியும்வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு. தாயிடமும் சொல்லவில்லை, கோமளவல்லியிடம் சொல்வதும் கொட்டாஞ்சேனைக்குச் சொல்வதும் ஒன்று. கரு தங்கியது உறுதியானதுமே டொக்டர் குளிசையை நிறுத்திவிட்டார்.

போன வாரம், நவரத்தினத்தின் எழுபத்திரண்டாவது பிறந்தநாளை முன்னிட்டு முழுக் குடும்பத்துக்கும் வீட்டிலேயே இரத்தம் எடுத்தார்கள். சீனியும் கொழுப்பும் பார்க்கத்தான் என்று ரக்ஷிதா கையை நீட்டினாள். "மருமகளுக்கு அந்த ஹோர்மோனையும் பாத்துவிடும் தம்பி, ஊசி எப்பிடியும் குத்துறீர்தானே" என்று மாமனார் இரத்தம் எடுக்க வந்தவனிடம் வாசலில் வைத்துச் சொன்னது அவளுக்குத் தெரியாது. அறிக்கைகள் எல்லாம் போய்ச் சேர்ந்ததும் அவருடைய தொலைபேசிக்கே.

*

"என்னங்க, எழும்புங்க. நான் செத்துட்டேன்."

கிஷாந்த் தலையணையிலிருந்து முகத்தை எடுக்காமலே, "எத்தினை மணி?" என்றான்.

"ஏழு. பத்தொன்பது பேர் துக்கம் விசாரிச்சிருக்காங்க. உங்களுக்குத் தைரியமா இருக்கச் சொல்லியிருக்காங்க."

அவன் தொலைபேசியை வாங்கிப் பார்த்தான். முதலில் சிரித்தான். பிறகு எண்ணைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. கணினி நிறுவனமொன்றில் எல்லை மீறும் எண்களுக்குச் சிவப்புக் கொடி காட்டுவது அவன் தொழில்.

"மூவாயிரத்து இருநூறோ? ரக்ஷி, முதல் முதல் பாக்கேக்கையே ரெண்டாயிரத்து எண்ணூறுதானே இருந்தது."

"தெரியும்."

"குளிசையைத் திரும்பத் தொடங்குவமே?"

"டொக்டர் நிப்பாட்டச் சொன்னாங்க."

"அப்ப இந்த நம்பர் இல்லையே."

அவள் போர்வையை மடித்தாள். இரண்டு நாளாக இடது கண்ணுக்கு மேலே ஒரு வலி இருப்பதை அவனிடம் சொல்லியிருக்கவில்லை. பிள்ளை தங்கினால் அந்தச் சுரப்பி கொஞ்சம் பெருக்கும், கட்டியும் சில பேருக்குப் பெருத்துக் கண் நரம்பைத் தொடலாம், உங்களைப்போலச் சின்னக் கட்டிக்காரருக்கு மிக அரிது என்று டொக்டர் நதீஷா முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனாலும் இரண்டு விஷயம் வந்தால் உடனே கூப்பிட வேண்டும்: விடாத தலையிடி, பார்வையின் ஓரம் மங்குவது.

அவள் யன்னலடிக்குப் போனாள். மரைன் டிரைவுக்கு அப்பால் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். தூரத்தில் நின்ற கப்பலொன்றில் பார்வையை நாட்டி, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். தெஹிவளைப் பக்கமிருந்து ஒஃபிஸ் ரயில் வந்தது. கப்பலை விட்டுக் கண்ணை எடுக்காமல், ரயில் வலது பக்கமாகப் போய் மறையும் இடத்தைக் கவனித்தாள். அது யன்னல் சட்டத்தில் மறைந்ததா, தன் கண்ணுக்குள் மறைந்ததா?

தெரியவில்லை. அடுத்த ரயிலுக்கு நிற்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அழைப்பு மணி அடித்தது.

*

கதவைத் திறந்தது பிணம்.

வெளியே கோமளவல்லி, செருப்பில்லாமல், அழுது வீங்கிய முகத்துடன். மகளைப் பார்த்தார். மகளின் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்தக் கையிலேயே ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"ஏண்டி, உசிரோட இருக்கேன்னு ஒரு போன் எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"எனக்கே இப்பதாம்மா தெரியும்."

கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் கோமளவல்லி மண்டபத்துக்குள் நடந்தார். நவரத்தினம் அங்கே விபூதியும் வெள்ளைச் சட்டையுமாக, கூட்டத்துக்குத் தலைமை வகிக்கத் தயாராக அமர்ந்திருந்தார்.

"சம்பந்தி, என்ன எழுதினீங்க?"

"நான் எழுதினது சுத்தமான தமிழ். கடைசி மட்டும் வாசிக்கப் பஞ்சிப்படுகிறவைக்கு நான் என்ன செய்யிறது?"

"என் பொண்ணு படத்தைத் தனியா வெட்டிப் போட்டிருக்கீங்களே!"

"ஆரைப் பற்றின அறிவித்தலோ அவையின்ர படம்தான் போடுறது. முறை அது."

அவர் தொண்டையைக் கனைத்தார். இணையத்தில் வாசித்ததைக் கடதாசியில் குறித்து வைத்திருந்தார். "புரோலக்ரின் எனப்படுவது பால் சுரக்கும் ஹோர்மோன். எல்லை ஐந்நூறு. எங்கட பிள்ளைக்கு மூவாயிரத்துச் சொச்சம். இதைக் கவனியாமல் விட்டால் பிள்ளைப் பாக்கியம் இல்லை எண்டு போட்டிருக்கு. ஸ்காபரோவில தம்பியின்ர மகன் மருந்துத் துறையில இருக்கிறான். அவன்ர அபிப்பிராயம், இண்டைக்கே தொடங்கி நாளுக்கு ஒரு முழுக் குளிசை."

"அப்பா, அவன் பார்மசியில பெட்டி இறக்கிறவன்."

"மருந்துப் பெட்டிதானே?"

கிஷாந்த் வாயை மூடினான். அவனுக்கு வழமையாகத் தகப்பனிடம் ஒரு வசனம்தான் பலம்.

மாமியார் அன்னபாக்கியம் ஒரு கையில் தண்ணீர்க் கோப்பையும் மறு கையில் குளிசையுமாக வந்து நின்றாள். அறுபத்தாறு வயது, குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. இந்த வீட்டில் ரக்ஷிதா உள்ளூர வணங்கியது அவளைத்தான். காரணம் ஒன்றே ஒன்று. மூன்று வருடத்தில் ஒரு நாளாவது "விசேஷம் ஏதும் இருக்கோ?" என்று அவள் கேட்டதில்லை. கொட்டாஞ்சேனையில் பூக்காரிகூடக் கேட்பாள்.

"குடி பிள்ளை."

நாலு பேரும் ரக்ஷிதாவையே பார்த்தார்கள். விழுங்கினால், டொக்டர் நிறுத்தியது உள்ளே போகும். விழுங்காவிட்டால், ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மத்தியானத்துக்குள் பூர்வீகமும் வதிவிடமும் போட்டு மகிழ்ச்சி அறிவித்தல் வரும். ரக்ஷிதா கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"சாப்பிட்டுட்டுத்தான் குடிக்கணும்" என்று அவள் குளிசையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

"நான் குடிக்கப் பண்ணுறன்" என்று அன்னபாக்கியம் பின்னால் போனாள்.

*

அன்னபாக்கியம் குசினிக் கதவைச் சாத்தினாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று.

"பிள்ளை, எனக்கு எல்லாம் தெரியும்."

ரக்ஷிதா குளிசையை மேசையில் வைத்தாள். காலையில் வாந்தி எடுத்ததைக் கேட்டிருப்பாளோ?

"என்ன மாமி தெரியும்?"

"உந்தக் கடுதாசி இப்ப சொல்லுறது எனக்கு ரெண்டு வரியத்துக்கு முன்னமே தெரியும். உன்ர நீலச் சட்டை, ஒஃபிசுக்குப் போடுறது. நெஞ்சில ரெண்டு பக்கமும் கறை. நான்தானே ஊறப் போட்டனான். பால் கறை எனக்குத் தெரியாதே?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. இவருக்குமில்லை, மகனுக்குமில்லை. கலியாணத்துக்கு முதல் நடந்தது நடந்துபோச்சு. நான் அப்பவே மன்னிச்சிட்டன்." அவள் இன்னும் கிட்ட வந்தாள். "பிள்ளை எங்க? ஆரும் வளக்கினமே?"

விளங்குவதற்கு ரக்ஷிதாவுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அந்த இரண்டு வருடமும் தலைகீழாகப் புரண்டன. மாமி கேட்காத அந்தக் கேள்வி. விசேஷ வீடுகளில் மற்றப் பெண்கள் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் மாமி குறுக்கே புகுந்து பேச்சை மாற்றிய நயம். அவளுக்கு இவ்வளவு நாளும் கிடைத்தது கருணை அல்ல, பொதுமன்னிப்பு. செய்யாத குற்றத்துக்கு.

"போன வரியம் கலைஞ்சபோது," அன்னபாக்கியம் தொடர்ந்தாள், "அந்தப் பிள்ளையின்ர கண்ணீர் எண்டு நினைச்சன்."

"மாமி." ரக்ஷிதா அவள் பக்கம் திரும்பினாள். "பிள்ளை பெறாமலும் பால் வரும். அதுதான் என் வருத்தமே."

"வராது."

"வரும் மாமி. தலைக்குள்ள இருக்கிற ஒரு சின்னக் கட்டி..."

"வராது பிள்ளை. பால் வந்தால் பிள்ளை இருந்திருக்கும். என்னட்டைச் சொல்லாதை. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அன்னபாக்கியம் குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கிஷாந்துக்கு முதல் ஒண்டு. பெட்டைப்பிள்ளை. எண்பத்தேழு ஒக்டோபர். ஊரெல்லாம் சண்டை, செல் விழுந்துகொண்டிருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதையில்லை. மூண்டு நாள் இருந்தது. அது போன பிறகும் பால் நிக்கேல்லை. பால் வத்த நெஞ்சில மல்லிகைப்பூ வைச்சுக் கட்டிவிட்டவை. அப்பவும் பதினேழு நாள் வந்தது. பிழிஞ்சு பிழிஞ்சு வாழையடியில ஊத்தினனான்." குழாயை இன்னும் திறந்துவிட்டு, "அதுக்கு ஒருத்தரும் அறிவித்தல் போடேல்லை" என்றாள்.

வெளியே நவரத்தினம் யாருக்கோ குரல்பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார். "சபை கூடியுள்ளது" என்ற சொற்கள் மட்டும் கதவைத் தாண்டி வந்தன.

"இவனுக்குத் தெரியாது. நீயும் சொல்லாதை."

கோபப்படுவதற்கு ரக்ஷிதாவிடம் எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் இந்த மனுஷியின் வைத்திய சாஸ்திரம் முழுவதும் பதினேழு நாளில் கற்றது. அதில் பாலுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதற்கு மேலே யார் வந்து படிப்பித்தார்கள்? மகன் "ஏதோ ஹோர்மோன், அம்மா" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைப் பார்க்கப் போய்விட்டான்.

"மாமி, பிள்ளை இருக்கு."

"எங்க?"

ரக்ஷிதா வயிற்றில் கை வைத்தாள்.

"இங்க. ஒன்பது கிழமை. போன வருஷம் ஒன்று, இப்ப ஒன்று. நான் சுமந்தது அவ்வளவுதான். அதுக்கு முன்னால ஒன்றுமில்ல. பால் மட்டும்தான்."

அன்னபாக்கியம் அவளுடைய கையைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். கடைசியில் மேசையில் கிடந்த குளிசையைப் பார்த்தாள்.

"அப்ப உது?"

"டொக்டர் நிப்பாட்டிட்டாங்க."

அன்னபாக்கியம் குளிசையை எடுத்துக் குழாய்த் தண்ணீருக்குள் போட்டாள். அது சுழன்று போய் ஓட்டைக்குள் விழும்வரை நின்று பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து மண்டபத்துக்குப் போனாள்.

"குடிச்சிட்டாள்."

பொய் சொல்லத் தெரியாதவள் என்று நாற்பது வருடமாக வாங்கி வைத்திருந்த நல்ல பெயர் அன்று முதன்முறையாகப் பிரயோசனப்பட்டது. நவரத்தினம் குழுவில் எழுதினார்: "மருந்து உட்கொள்ளப்பட்டது."

*

டொக்டர் நதீஷா இரண்டாவது மணியிலேயே எடுத்தார். எண்ணைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த டெஸ்டை எந்த டொக்டர் எழுதித் தந்தது?"

"என் மாமனார்."

"அவர் டொக்டரா?"

"பிரதி ஆணையாளர்."

டொக்டர் சிரித்துவிட்டார். பிறகு அவர் ஆங்கிலத்திலும் இடையிடையே சிங்களத்திலும் பொறுமையாகச் சொன்னார். பிள்ளை தங்கினால் எல்லாப் பெண்களுக்கும் இந்த ஹோர்மோன் ஏறும். ஏறத்தான் வேண்டும், மார்பு அதை வைத்துத்தான் ஆயத்தமாகிறது. குளிசையை நிறுத்தியதால் கட்டியின் பங்கும் அதில் கலந்திருக்கலாம். எது பிள்ளையால் ஏறியது, எது கட்டியால் ஏறியது என்று அந்த எண்ணுக்குச் சொல்லத் தெரியாது. அதனால்தான் கர்ப்பத்தில் அதைப் பார்ப்பதே இல்லை. "கலபல வென்ன எப்பா", பதற வேண்டாம் என்று சிங்களத்தில் முடித்துவிட்டு, "தலையிடி ஏதும்?" என்று கேட்டார்.

ரக்ஷிதா சொன்னாள். டொக்டரின் குரலிலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"இன்றைக்கே பார்வையின் எல்லையைப் பரிசோதிக்க வேண்டும். நாளைக்கு அல்ல."

மண்டபத்தில் கோமளவல்லி நவரத்தினத்தின் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தார். "இப்பவே எழுதுங்க சம்பந்தி. என் பொண்ணு உசிரோட இருக்கான்னு. அதே பெரிய எழுத்துல, அதே படத்தோட." உயிரோடிருப்பதை அறிவிக்கும் வழமை எதுவும் கையிருப்பில் இல்லாததால் நவரத்தினம் முதல் வரியிலேயே தடுமாறிக்கொண்டிருந்தார். கிஷாந்த் மூலையில் இருந்து ஒவ்வொருவராக அழைத்து, "இல்லை அத்தை, ஆள் இருக்கிறா... ஓம், நல்லா இருக்கிறா... இல்லை, செத்தவீடு இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ரக்ஷிதா மாமியின் காதில் விஷயத்தைச் சொன்னாள். "பிள்ளைக்குக் கண்ணாடி போட வேணுமாம், நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றாள் அன்னபாக்கியம். இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

*

ஹெவ்லொக் டவுனில், டொக்டர் சொன்ன கண் கிளினிக்; முறை வர நாலு மணியாயிற்று. இயந்திரத்தை இயக்கிய பெண்ணின் பெயர் நிம்றா. நெஞ்சில் அட்டை தொங்கியது.

"நாடியை இதில வையுங்க மிஸ். நடுவில இருக்கிற மஞ்சள் புள்ளியை மட்டும் பாருங்க. ஓரத்தில வெளிச்சம் மின்னினா இந்தப் பட்டனை அமத்துங்க. தேடிப் பாக்க வாணாம். தெரிஞ்சா அமத்துங்க, தெரியாட்டி சும்மா இருங்க."

ஒரு கண்ணை மூடிக் கட்டினாள். விளக்கு அணைந்தது. வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் ரக்ஷிதா தலையைக் கொடுத்திருந்தாள். ஒரு புள்ளி. அமத்தினாள். இன்னொன்று. பிறகு நெடு நேரம் ஒன்றும் வரவில்லை.

உண்மையிலேயே ஒன்றும் வரவில்லையா? வந்தும் தனக்குத் தெரியவில்லையா? தெரியாததைத் தெரியவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு வருடமாக மாமியின் மனதில் ஒரு பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது. ஒரே சமையலறையில் தோளோடு தோள் நின்றும் அது இவளுடைய கண்ணில் படவில்லை. மாமியின் மூன்று நாள் பிள்ளையும் படவில்லை. பார்வையின் ஓரம் எல்லோருக்கும் எங்கேயோ மங்கித்தான் கிடக்கிறது. இயந்திரம் வைத்துப் பார்ப்பது சில பேருக்குத்தான்.

புள்ளி. அமத்தினாள். புள்ளி, புள்ளி. அமத்தினாள்.

மற்றக் கண்ணும் முடிந்ததும் நிம்றா கடதாசியைப் பார்த்தாள். சொல்லக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். ஆனாலும் முகத்தைக் கொஞ்சம் நல்லதாக வைத்துக்கொண்டு அதைப் படமெடுத்து டொக்டர் நதீஷாவுக்கு அனுப்பினாள். பத்து நிமிடத்தில் டொக்டர் அழைத்தார்.

"இரண்டு கண்ணும் முழு எல்லை. ஒரு குறையும் இல்லை. தேநீர் எத்தனை குடிக்கிறீர்கள்?"

"ஒரு நாளைக்கு ஐந்து பிளேன்ரீ குடிச்சுக்கிட்டிருந்தேன். பிள்ளைக்குக் கூடாதுன்னு செவ்வாய்க்கிழமையோட ஒரேயடியா விட்டுட்டேன்."

"தலையிடி எப்போது தொடங்கியது?"

"புதன்கிழமை."

"அது தேநீரை விட்டதால் வந்த தலையிடி. போய் ஒரு கோப்பை குடியுங்கள். ஒன்றிரண்டு பரவாயில்லை. ஆனால் வலி விடாவிட்டால், கூடினால், ஓரம் மங்கினால், எத்தனை மணியென்றாலும் வாருங்கள். அந்த எண்ணைக் கிழித்துப் போடுங்கள்."

வெளியே வாங்கில் இருந்த அன்னபாக்கியம் எழுந்து வந்தாள். ரக்ஷிதா ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டியதும் திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

*

இருவரும் பக்கத்துக் கடையில் பிளேன்ரீ குடித்தார்கள். ஓட்டோவில் ஏறிய பிறகுதான் ரக்ஷிதா சொன்னாள்.

"மாமி, நீங்க மன்னிச்சதைத் திருப்பி எடுத்துக்கோங்க."

"என்ன?"

"எனக்கு அது வேணாம். நான் ஒன்றும் செய்யல."

அன்னபாக்கியம் யோசித்தாள். கொழும்பு-காலி பெருவீதியில் பஸ் ஒன்று அவர்களை உரசிக்கொண்டு போனது.

"சரி. எடுத்திட்டன்."

கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள். "இப்ப நீ?"

"நான் என்ன?"

"நீ என்னை மன்னிக்கிறாயோ, இல்லையோ?"

"பாக்கலாம் மாமி. ரெண்டு வருஷம் டைம் குடுங்க."

அன்னபாக்கியம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தேடிப் பார்க்கவும் ரக்ஷிதா முயலவில்லை.

"பிள்ளை, கோயிலடியில ஒருக்கா இறங்கிப் போவம். ஒரு அர்ச்சனை. ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன், பயப்படாதை. பிள்ளையாருக்கு மட்டும்."

மாலைப் பூசை தொடங்கியிருந்தது. சனம் நிறைந்திருந்தது. ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கினார்.

"பெயர், நட்சத்திரம்?"

"ரக்ஷிதா. உத்தரம்."

ஐயர் சந்நிதிப் பக்கம் திரும்பினார். அன்னபாக்கியம் அவரைக் கையசைத்து நிறுத்தினாள். காலையில் குளிசையைத் தண்ணீரில் எறிந்த அதே கையால் ரக்ஷிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கம்பித் தடுப்புக்கு மேலாக எட்டி, அவருடைய நெஞ்சுக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோனாள். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னே ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்ல ஒரு கோயில்கூடத் திறந்திருக்காத ஊரிலிருந்து வந்தவள் அவள். கையைப் பறித்துக்கொள்ள ரக்ஷிதாவுக்கு மனம் வரவில்லை. இந்தப் பிள்ளையைப் பற்றி யாரோ ஒருவர் பயமில்லாமல் வாய்விட்டுச் சொல்வது நல்லதாகவும் பட்டது.

"வயித்தில இருக்கிற பிள்ளைக்கும் சேர்த்துச் செய்யுங்கோ ஐயா. ஒன்பது கிழமை. வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது."

ஐயர் தோள் சால்வையில் மைக் குத்தியிருந்தார். வெள்ளிக்கிழமைப் பூசை யூடியூப்பில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது.